அறுக்க விடாத உடம்பு

என் மகன் வேல்பாண்டி வாய்க்காலில் பிணமாக மிதந்தான். லோயர் கேம்ப் பக்கம் மதகு திறந்து மூடுகிற தற்காலிக வேலை அவனுக்கு. ஆற்றுக்குள் திருட்டுக் குழாய் போட்டுத் திராட்சைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இழுக்கிறார்கள் என்று கலெக்டருக்கு மனு எழுதினான். எழுதாதே என்றேன். யாரைப் பற்றி எழுதுகிறோமோ, மனு அவன் கைக்குத்தான் முதலில் போகும்.

கரையில் எஸ்.ஐ. நின்றார். "கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுக்கணும் பெரியவரே" என்றார். எனக்கு ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை கிடையாது. ஈரலையும் கிட்னியையும் உருவிக்கொண்டு துணியைத் திணித்துத் தருவார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. மச்சினன் முத்துராஜா கட்சிக்காரன், திராட்சைத் தோட்டக்காரன். "பிள்ளைய கூறு போட விடணுமா மாமா? நான் பேசுறேன்" என்றான். பேசினான். கால் வழுக்கி விழுந்தான், யார் மேலும் சந்தேகமில்லை என்று ஒரு தாள் வந்தது. கையெழுத்துப் போட்டேன். எவனையும் நம்பாதவன், எனக்குப் பெண் கொடுத்த வீட்டை நம்பினேன்.

குளிப்பாட்டும்போது என் பெண்சாதி மொக்கம்மாளின் கை பிடரியில் நின்றுவிட்டது.

"இங்கன பாருங்க."

பார்த்தேன். என் கட்டைவிரல் உள்ளே போனது.

"பாறையில அடிச்சிருக்கும்க்கா" என்றான் முத்துராஜா.

"மண்ணு வாய்க்கால்ல ஏதுடா பாறை?" என்றாள் அவள்.

அவன் என்னை மாட்டுக்கொட்டத்துப் பக்கம் தள்ளிப்போனான். "மனுவுல என் தோட்டமும் இருந்துச்சு மாமா. சொல்லிப் பாத்தாக, அவன் கேக்கல. இப்ப வாயைத் திறந்தா உன்னையத்தான் முதல்ல பிடிப்பாக. பொங்கலுக்கு அப்பனும் மகனும் கட்டிப் புரண்டு சண்டை போட்டத ஊரே பாத்துச்சு."

அவன் நகர்ந்ததும் எஸ்.ஐ.க்குப் போன் போட்டேன். காயத்தைச் சொன்னேன். "எடுத்துராதீக, வண்டி அனுப்புறேன்" என்றார்.

வண்டி வரவில்லை. முத்துராஜாவின் போன்தான் அடித்தது. "ஆமா சார், கிழவன்தான். சரி சார், தூக்கிர்றோம்."

பாடையை எடுத்தார்கள். நான் வாசலில் குறுக்கே விழுந்தேன். "அறுக்கணும், என் பிள்ளைய அறுக்கணும்" என்று கத்தினேன்.

"பாவம், பேதலிச்சிருச்சு" என்றாள் ஒருத்தி. நாலு பேர் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

சுடுகாட்டில் முத்துராஜாவே கொள்ளியை என் கையில் வைத்தான். என் விரல்களை அதன்மேல் மடக்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் கையாலேயே வைக்க வைத்தான்.