அப்பாவும் எழுதிய நீட்

மருத்துவம் தொழிலல்ல, தவம். அணுபுரம் குடியிருப்பில் சம்பத் இதைச் சொல்லாத நாளில்லை. தவம் செய்தது அவர் மகள் சஹானா. செங்கல்பட்டில், ஏசி போட்ட கோச்சிங் சென்டரில், மதியச் சாப்பாட்டுடன்.

முதல் முறை நீட்டில் அவளுக்கு 438. “போதும்ப்பா. எனக்கு மீன்வளப் படிப்புதான் பிடிச்சிருக்கு.”

“எதுக்கு? கோவளத்துல கூடை தூக்கவா?” என்று மறுபடியும் கோச்சிங்கில் சேர்த்தார்.

அடுத்த நீட்டுக்கு விண்ணப்பம் போடும்வரை பொறுத்தவள் ஒருநாள் வெடித்தாள். “நீங்க எழுதிப் பாருங்க, தெரியும்.”

அணு ஆராய்ச்சி மைய அலுவலகத்தில் பேப்பர், பேனா வாங்கும் பிரிவில் இருந்துகொண்டே ஊரில் ‘அணு விஞ்ஞானி’ என்று பேர் வாங்கியவர் சம்பத். சுருக்கென்றது. நீட்டுக்கு மேல்வயது வரம்பு கிடையாது. ப்ளஸ் டூவில் உயிரியலும் படித்தவர்.

“எழுதறேன். உன்னைவிட ஒரு மார்க் குறைஞ்சாலும் மீன் காலேஜ் ஃபார்ம்ல நானே கையெழுத்துப் போடறேன். கூடினா மூணாவது தடவை எழுதணும், வாயைத் திறக்கக் கூடாது.”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார். மனைவி சகுந்தலா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அன்றே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார்: ‘தந்தையும் மகளும் ஒரே களத்தில்! இருவர் மதிப்பெண்ணும் இங்கேயே வெளியிடப்படும்.’ நான்கு நிற மார்க்கர் வாங்கி, புத்தகத்தில் ஒரு வரி விடாமல் கோடு போட்டார்.

தேர்வு மையத்து வாசலில் காவலாளி அவரை மறித்தான். “பாப்பாவ உட்டாச்சில்ல அண்ணாத்த? அந்தாண்ட நில்லு.”

“நானும் எழுதறேன்.”

ஹால் டிக்கெட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “இன்னா சார், இந்த வயசுல இன்னாத்துக்கு இந்த பேஜாரு?”

சோதனைக் கருவி அவர் இடுப்பில் கூவியது.

“வெள்ளி அரைஞாணா? கய்ட்டு சார்.”

நூறு பெற்றோர் பார்க்க அவிழ்த்துக் கொடுத்தார். சகுந்தலா அதை வாங்கித் தயிர்சாத டப்பா இருந்த பையில் போட்டுக்கொண்டாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும், “தப்பாப் போட்டா ஒரு மார்க் போயிடும். நூத்தியெண்பதையும் போடறவன் முட்டாள்,” என்றார் சம்பத். “உறுதியாத் தெரிஞ்ச நூத்திப்பதினேழு மட்டும் போட்டேன்.”

சஹானா கணக்குப் போட்டாள். நூற்றுப்பதினேழும் சரியென்றால், தலா நான்கு மார்க் வீதம் 468. அப்புறம் மூன்றாவது வருடம்.

முடிவு வந்த காலையில் எதிர்வீட்டு ராமானுஜம் குழுவில் எழுதினார்: ‘சம்பத் சார், வெயிட்டிங்.’

சஹானாவுக்கு 441. ஒரு வருடத் தவத்துக்கு மூன்று மார்க்.

அப்பாவின் எண்ணைத் தட்டினாள். பார்த்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

“அப்பா, இது உங்க நம்பர்தானே?”

சகுந்தலா போனைப் பிடுங்கினாள். “பதினேழா? எழுநூத்தியிருபதுக்கா?” கண்ணைச் சுருக்கினாள். “முன்னாடி ஏதோ கோடு இருக்கே, என்னது?”

“ஸ்க்ரீன்ல கீறல்,” என்றார் சம்பத். சட்டை நுனியால் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை.

 ராமானுஜத்தின் அடுத்த செய்தி வந்து ‘டிங்’ என்றது.

சஹானா மீன்வளப் படிப்பு விண்ணப்பத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தேர்வில் விடைத்தாளை வெறுமையாகக் கொடுத்தால் பூஜ்யம். சம்பத் வாங்கியது மைனஸ் பதினேழு.