பூங்கோதையின் அடுப்பு ஏன் அணைந்தது

1

இது கதையே இல்லை. அடுப்பு வாங்குகிறவர்களுக்கான கட்டுரையாகத்தான் தொடங்கியது. மலையேற்றப் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், "குளிர்காலத்துல கூடாரம் போடுறவங்களுக்கு எந்த அடுப்பு நல்லது? சுருக்கமா எழுதிக் குடுங்க" என்றார். எனக்கு வீட்டு அடுப்பையே ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரியாது. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

'குளிரில் அடுப்பைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை—'

த்தூ. அடித்துவிட்டேன்.

'ஜவ்வாது மலையில் மார்கழிப் பனி மெல்ல இறங்கும் வேளையில்—'

இதை ஜவுளிக்கடை நாட்காட்டியில் போடலாம். மூன்றாவதாக எழுதியது: 'பூங்கோதை அடுப்பு வாங்கப் போனாள்.' யார் இந்தப் பூங்கோதை என்று எனக்கே தெரியாது. ஆனால் அடுப்பு அவளுக்குத்தான் நிஜமாகவே தேவைப்பட்டது. கட்டுரையை விட்டுவிட்டு அவள் பின்னால் போனேன்.

2

மலையடிவாரப் படவேட்டுக்காரி. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் வருஷக்கணக்கில் குனிந்து கழுத்து பிடித்துப்போனவள். வேலையை விட்டுவிட்டு, டவுன் ஆட்களை ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்கும் தொழிலில் இறங்கியிருக்கிறாள். ஆறு பேர் கொண்ட முதல் கும்பல் வரப்போகிறது. புருஷன் மணிவேல், குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது.

"காசு குடுத்துட்டுக் குளிர்ல போய்ப் படுப்பானா எவனாச்சும்? இன்னாமே பேசற?"

"படுப்பாங்க. நீ வண்டிய மட்டும் ஓட்டுய்யா."

"சரி, இந்த ஒரு வாட்டி பாக்கறேன். சொதப்புச்சுன்னா கம்பெனிக்கே திரும்பப் போய்டணும். பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, மறுபடியும் அந்த மெஷின் முன்னால் உட்காருவதை நினைத்ததுமே கை தானாகக் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டது.

3

அவள் தேர்ந்தெடுத்த விதத்தை எழுதிவிடுகிறேன், நண்பருக்குக் கொஞ்சமாவது பயன்படட்டும்.

விறகு மூட்டினால் வனத்துறை வந்து நிற்கும். ஸ்பிரிட் அடுப்பு எடை குறைவுதான், ஆனால் ஆறு பேருக்கு வெந்நீர் காய்வதற்குள் விடிந்துவிடும். பெட்ரோல் அடுப்பு எந்தக் குளிரிலும் எரியும். பம்பு அடித்து, சூடேற்றி, பயந்து பயந்து பற்றவைக்க வேண்டும். பனிமலைக்குச் சரி, ஜவ்வாதுக்கு ரொம்ப ஓவர். மிஞ்சியது கேஸ். அதிலும் வெறும் பியூட்டேன் டப்பா குளிரில் சோம்பிவிடும், புரோப்பேன் கலந்தது பரவாயில்லை. டப்பாவின் தலையிலேயே திருகும் அடுப்பில் பெரிய பாத்திரம் ஆடும். சுற்றிலும் காற்றுத் தடுப்பு வைத்தால் டப்பா சூடாகி ஆபத்து. ஆகவே கலப்பு கேஸ், டப்பாவைத் தள்ளி வைக்க ஒரு டியூப், அகலமான கால்கள், சுற்றி வைக்க ஒரு காற்றுத் தடுப்பு. இதைத்தான் வாங்கினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டில் எரித்தும் பார்த்துக்கொண்டாள்.

(கடைக்காரரோடு அவள் பேரம் பேசிய ஒரு பக்கம் இங்கே இருந்தது. அருமையாக இருந்தது. கதைக்குத் தேவையில்லை என்று தூக்கிவிட்டேன். உங்களுக்குத்தான் நஷ்டம்.)

4

எல்லோரையும் மணிவேலின் வண்டியில் மலைமேல் ஏற்றினேன். கூடாரம் அடித்தாயிற்று. வெயில் இறங்கியதும் பல் கிட்டியது.

"அக்கா, டீ கிடைக்குமா?" என்றாள் கும்பலில் வந்த ஜோஸ்லின். கைகளைக் கக்கத்தில் செருகியிருந்தாள்.

"இதோ ஆச்சு கண்ணு."

பூங்கோதை குமிழைத் திருகிப் பற்றவைத்தாள். நீலமாக ஒரு துளி எழுந்தது, இருமியது, அணைந்தது. மறுபடியும் பற்றவைத்தாள். மறுபடியும் அதே கதை.

கதை என்றால் ஏதாவது ஒன்று கெட வேண்டுமே என்று நான்தான் அணைத்தேன். ஆனால் ஏன் அணைந்தது? குளிரா? கலப்பு கேஸ். காற்றா? தடுப்பு இருக்கிறது. அடுப்பே பழுதா? நேற்று எரித்துப் பார்த்தாளே! எல்லா வழியையும் போன பகுதியில் நானே அடைத்துவைத்திருக்கிறேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. அவளும் என்னைப் போலத் திருதிருவென்று விழித்தாள். பிறகு டார்ச் அடித்து பர்னருக்குள் பார்த்தாள்.

காய்ந்த பாலேடு. தீய்ந்த வாசனை.

புது அடுப்பில் முதலில் பால் பொங்கவைப்பது நம் வீடுகளில் உள்ளதுதான். ஆனால் அவள் வைக்கவில்லை. வழிந்தால் கேஸ் வரும் ஊசித்துளை அடைத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் இருந்த மற்றொரு ஆள் மணிவேல்.

5

"யோவ், யாருய்யா இதுல பால் வச்சது?"

மணிவேல் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றான். "காத்தால நீ குளிக்கப் போனப்போ வச்சேன். நாலாபக்கமும் நல்லா பொங்கிச்சு. மொத தொழிலாச்சே... நல்லா வரட்டும்னுதான்."

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. துளியும் நம்பிக்கை கிடையாது என்று எழுதியவன் நான்தானே! அந்த வரியைத் திருத்தப் போவதில்லை. நானும் அவளும் சேர்ந்து ஏமாந்ததாக இருக்கட்டும். இனி முடிவு; மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) சார்ஜர் வயரை வெட்டி, ஒரே ஒரு செம்பு இழையால் துளையைக் குத்தி எடுக்கிறாள். அடுப்பு எரிகிறது. (ஊக்கை விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். இது கட்டுரைக்கு.)

ஆ) ஆறு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு மலை இறங்குகிறார்கள். திங்கட்கிழமை அவள் கம்பெனி வாசலில் நிற்கிறாள்.

இ) 'பூங்கோதை மணிவேலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து—'

பிடித்து உலுக்கினாளா, அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாளா? தெரியவில்லை. அழுகிறாள் என்பது மட்டும் தெரிகிறது. தொழில் கெட்டதே என்ற வயிற்றெரிச்சலும் இருக்கிறது, இந்த மனுஷன் தனக்காகத் திருட்டுத்தனமாகப் பால் பொங்கவைத்தானே என்பதும் இருக்கிறது.

நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, என்னைக் கேட்காமலேயே மணிவேல் வாயைத் திறந்தான்.

"அழுவாதமே. அடுத்த கும்பலுக்கு வேற அடுப்பு வாங்கிக்கலாம்."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

எனக்கு இது போதும். டீ கொதித்ததா இல்லையா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அந்த ஆறு பேருக்கும் குளிர்கிறது.