சிவப்புக் குடத்தின் நடை

"மாமா, குடம் நடக்குமா?" என்று பியூலா ஒருமுறை கேட்டாள். பக்கத்து வீட்டு எஸ்தரின் மகள். அப்போது ஐந்து வயது. தெருக்குழாய் வரிசையில் மூன்றாவதாக அவர்கள் வைத்துவிட்டுப் போன சிவப்புக் குடம் கடைசியில் நின்றது. மூன்றாவது இடத்தில் என் குடம் நின்றது.

"நடக்கும்" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் குடங்கள் நடக்கின்றன.

தாமாகவே வரிசையில் நின்று, நிரம்பி, வீட்டுக்கு வந்துவிடும். யாரும் வியக்கவில்லை. சில வருடங்கள் கழித்துக் குடிநீர் அலுவலகம் மட்டும் கவனித்தது. தண்ணீர் நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு ரூபாய் என்று அறிவித்தது. மறுமாதம் இரண்டு. அதற்கடுத்த மாதம் மூன்று.

என் குடம் நேராக வீட்டுக்கு வந்தது. சிவப்புக் குடம் எப்போதும் கடைசியிலிருந்து புறப்பட்டது. என் வாசல்வரை வரும். கொஞ்ச நேரம் நிற்கும். திரும்பவும் குழாயடிக்குப் போய், அங்கிருந்து தன் வீட்டுக்குப் போகும்.

எஸ்தர் ரவிக்கை தைப்பவள். இந்த மாதம் அவளுக்கு வந்த கட்டணச் சீட்டு தெருவின் நீளம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் குடத்தின் வாயை அடைத்து சீல் வைப்பார்கள்.

"எங்க குடம் மட்டும் ஏன் அண்ணாச்சி இப்படி ஊர் சுத்துது?" என்றாள்.

"தெரியலையேம்மா."

"கட்டிப் போட்டாலும் கயித்தோட போவுது. எம் மவளுக்கு மேல இருக்கு அதுக்குச் சேட்டை."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போனேன். நடக்க நடக்க நடைபாதை நீண்டது. முடிவில் முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"கட்டணத்தக் குறைக்கணும்."

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டுக்கு."

"நீரு யாரு?"

"பக்கத்து வீடு."

அவர் ஒரு தாளை நீட்டினார். "குடம் நடக்கும்னு மொதல்ல சொன்ன ஆளு, நடக்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா பாக்கி தள்ளுபடி. ஆளு யாருன்னு தெரியுமாவே?"

எனக்குப் பின்னால் எங்கள் தெரு முழுவதும் வந்து நின்றிருந்தது. வீடுகளும் வந்திருந்தன.

"தெரியாது" என்றேன்.

"சரி. இனி அடிக்கு நாலு ரூவா."

அவர் கோபப்படவில்லை. ஒரு தம்ளரில் தண்ணீர் மொண்டு தந்தார். "வெயில்ல வந்திருக்கீரு. குடியும்." பிறகு தாழ்ந்த குரலில், "சீல் வைக்க வாறவன் குடத்தோட அடியத்தான் தொட்டுப் பாப்பான். புழுதி இல்லேன்னா நடக்காத குடம். நடக்காத குடத்துக்குப் பாக்கி கெடையாது" என்றார்.

தண்ணீரைக் குடிக்காமல் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நண்பகல். தெரு உறங்கியது. குழாயடியில் குடங்கள் மட்டும் நின்றன. என் குடத்தைத் தூக்கிக் கடைசியில் வைத்தேன். சிவப்புக் குடத்தை மூன்றாவது இடத்தில் வைத்தேன். கடவுளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நிரம்பியதும் குடம் நடக்கப் பார்த்தது.

"நீ நடக்க வேண்டாம்" என்றேன்.

அதன் அடியை என் துண்டால் துடைத்தேன். வருடக்கணக்கான புழுதி வந்தது. தோளில் சுமந்துபோய் எஸ்தரின் வாசலில் இறக்கினேன். உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டம் நிற்கவில்லை.

சீல் வைக்கும் ஆள் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. துண்டை உதறாமல் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். வரிசையின் கடைசிக்குப் போய் என் குடத்தின் பின்னால் நின்றேன்.