கேக் படத்துக்குக் கீழே ஒரு கமெண்ட்

பேக்கரிக்காரருக்கு ஒரே பெருமை: ஆன்லைனில் கடைப் பக்கத்தில் யார் கமெண்ட் போட்டாலும் உடனே பதில் போட்டுவிடுவார். படிக்கிற பழக்கம்தான் அந்தப் புண்ணியவானுக்குக் கிடையாது. கமெண்ட் போட்டவரின் புரொஃபைல் படத்தில் நீளமான கூந்தல் தெரிந்தால் "நன்றி மேடம், மீண்டும் வருக!" மீசை தெரிந்தால் "நன்றி சார்!"

அன்று கேக் படத்துக்குக் கீழே அவர் மனைவி எழுதினாள்: "போன் பண்ணா நீங்க எடுக்கறதே இல்ல. அதான் இங்க சொல்றேன். நான் அம்மா வீட்டுக்குப் போறேன்."

"நன்றி மேடம், மீண்டும் வருக!"

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. விஷயம் காதுக்கு எட்டி, அவர் அலறியடித்துக்கொண்டு அதை அழிப்பதற்குள் மாமியார் அதற்குக் கீழேயே கமெண்ட் போட்டு முந்திக்கொண்டார்:

"விடுடி! மாப்பிள்ளை உன்கிட்ட மரியாதையா பேசினதே இன்னைக்குத்தான்."