பன்னிரண்டு சதவீதத்தில் மூடிய கதவு

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனியின் கண்ணாடி அறைக் கதவு, 2021ஆம் ஆண்டு ஆயுத பூஜை அன்று மாலை ஐந்தேகாலுக்குச் சாத்திக்கொண்டு, மூன்று வருடம் பத்து மாதம் திறக்கவில்லை. உள்ளே கம்பெனியின் புரோகிராமர் சந்திரசேகர் இருந்தார். கம்பெனி பெயர் வேண்டாம், ஓனர் முருகானந்தம் சங்கடப்படுவார். அவருடைய பதினொரு போர்வெல் வண்டிகளும் சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று எங்கே நின்று போர் போட்டாலும், எத்தனை அடி இறங்கியது, டீசல் எவ்வளவு தீர்ந்தது என்று இங்கிருந்தே பார்க்கிற மென்பொருளைச் சந்திரசேகர்தான் எழுதியிருந்தார். அதற்காக அந்த அறையில் மூன்று கணினிகள் இருந்தன, மூன்றிலும் மூன்று இயங்குதளங்கள். ஆபீஸ்களில் எல்லோரும் வைத்திருக்கிற வகை ஒன்று, ஓனரின் மகன் பெங்களூரில் வாங்கி அனுப்பிய விலை உயர்ந்த வகை ஒன்று, காசே வாங்காமல் கொடுக்கிற வகை ஒன்று. ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது. ஒரே வேலையை மூன்று தடவை எழுதி எழுதி அவருக்கு முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. மூன்றையும் அவர் பாரபட்சம் இல்லாமல் வெறுத்தார்.

ரிக் தொழிலில் ஆயுத பூஜைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பொட்டு வைத்துப் பூசை போட்ட சாமானை, மறுநாள் திரும்பப் பூசை போட்டு எடுக்கும்வரை யாரும் வேலை வாங்கக்கூடாது. கம்ப்ரஸர் முதல் ஸ்பேனர் வரை சும்மா கிடக்கும். அந்த வருடம் கணக்குப் பிரிவு சாரதாமணி மூன்று கணினிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தலைக்கு ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தார். முதல் கணினி ஏழு மாதமாக அப்டேட் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. இருநூறு தடவைக்கு மேல் ‘பிறகு’ என்று தட்டித் தள்ளிப்போட்டிருந்த சந்திரசேகர், இன்றைக்கு யாரும் இதைத் தொடப்போவதில்லை, ஆற அமர ஆகட்டும் என்று உள்ளே போய் ‘இப்போதே’ என்பதைத் தட்டினார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திரையில் எண் பன்னிரண்டு சதவீதம் வரை ஓடி, அங்கேயே நின்றுவிட்டது. கணினியை அணைக்க வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது.

“பூசை போட்ட சாமான வேலை வாங்கலாமுங்களா? படிச்சவங்களுக்கு இதுகூடத் தெரியாதுங்களா?” என்று சாரதாமணி கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டார்.

பூட்டுக்காரர் வந்து, கதவில் பூட்டே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சம்மட்டியால் அடித்தார்கள், சம்மட்டிக் காம்பு முறிந்தது. மூன்றாம் நாள் ரிக் வண்டியையே வாசலில் நிறுத்தி, ஆயிரத்து நானூறு அடி கரும்பாறையில் இறங்குகிற ஹேமரைக் கண்ணாடிமேல் வைத்து ஓட்டினார்கள். முனை தேய்ந்ததுதான் மிச்சம், கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. கணினிக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டதில் ஒரு பெண் இனிமையான குரலில், கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். மெயின் சுவிட்ச் அறைக்கு வெளியேதான் இருந்தது. ஆனால் அணைக்காதே என்று எழுதியிருக்கும்போது அணைத்தால் உள்ளே இருக்கிற ஆள் என்ன ஆவார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முருகானந்தம் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். “போருக்குள்ள ராடு மாட்டுச்சுன்னா இழுக்கக் கூடாதுங்க, அறுந்து போயிரும். அதுவா உடற வரைக்கும் பொறுக்கோணும்.” கரண்ட் போனால் எண் அழிந்துவிடும் என்று பயந்து அந்த அறைக்கென்றே ஒரு ஜெனரேட்டரும் வாங்கி வைத்தார்.

உள்ளே குளியலறை இருந்தது, ஏசி இருந்தது. கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. தோசை, சப்பாத்தி, தட்டையாக அமுக்கிய இட்லி எல்லாம் அதன் வழியே போயின. சம்பளம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. வேலைக்குத் தாமதமாக வராத ஒரே ஆள் அவர்தான் என்று ஆபீசில் கிண்டல் செய்தார்கள். மற்ற இரண்டு கணினிகளையும் கொண்டு வெளியே வர அவர் பாடாய்ப் பட்டார். விலை உயர்ந்தது, இந்தக் கதவைச் செய்தவர் நம்பகமானவரா என்று சரிபார்க்க முடியவில்லை, ஆகவே திறக்க அனுமதி இல்லை என்றது. அவர் வற்புறுத்தியதும் குளியலறைக் கதவுக்கும் கடவுச்சொல் கேட்க ஆரம்பித்தது. இலவசமானது மறுப்புச் சொல்லவில்லை. கதவு வேண்டுமானால் முதலில் கீல் வேண்டும் என்றது. கீலுக்குத் திருகாணி, திருகாணிக்குப் பழைய கீல், பழைய கீலுக்கு வேறு கதவு. பதினோரு மாதம் இரவு பகல் எழுதி, மேற்குச் சுவரில் ஒரு கதவை வரவழைத்தார். திறந்து பார்த்தால் அதே அறை, அதே மூன்று கணினிகள், நாற்காலியில் முதுகு காட்டியபடி அவரே உட்கார்ந்திருந்தார். சத்தம் போடாமல் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அன்று அவர் அழுதார்.

கதவு மூடியபோது அவர் மனைவி சௌமியா ஏழு மாதக் கர்ப்பம். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. இளவேனி என்று சந்திரசேகர் மார்க்கர் பேனாவால் கண்ணாடியில் எழுத, அதுவே பெயரானது. சௌமியா தினமும் ஆபீசுக்குக் குழந்தையைத் தூக்கிவந்து கண்ணாடிக்கு முன்னால் பாய் விரித்து விட்டுவிடுவார். குழந்தை குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், கண்ணாடியைப் பிடித்து முதல் தடவை நின்றதும் அந்தப் பாயில்தான். கதவடியில் அவர் விரல் நுனிகளை நீட்டுவார், அவள் பிடித்துக்கொண்டு தூங்குவாள். அவளை ஒரே ஒரு தடவை தூக்கவேண்டும், அதற்குமேல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவர் போனில் சௌமியாவிடம் சொல்லாத நாள் இல்லை. திரையில் எண் பதினைந்து நாளுக்கு ஒன்றாக நகர்ந்தது, சில மாதம் நகரவே இல்லை. எண்பதைத் தாண்டியபோது இளவேனிக்கு எண்ணத் தெரிந்துவிட்டது. நூறு வந்தால் அப்பா வருவார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு எண் தொண்ணூற்றெட்டில் இருந்தது. ஆபீஸ் முழுக்க வேலையை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் கூடியிருந்தது. அப்போது திரையில் வேறு எழுத்து வந்தது: அப்டேட்டை முடிக்க முடியவில்லை, செய்த மாற்றங்கள் எல்லாம் திரும்ப எடுக்கப்படுகின்றன, கணினியை அணைக்க வேண்டாம். எண் தொண்ணூற்றேழு ஆனது, தொண்ணூற்றாறு ஆனது. சந்திரசேகரின் தாடி நுனியிலிருந்து உள்ளே போக ஆரம்பித்தது. நேற்று சாப்பிட்டது என்ன என்று கேட்டதற்கு, போன மாதம் சாப்பிட்டதைச் சொன்னார். எண்பதில் முன்மண்டையில் ஒரு வரிசை முடி திரும்ப வந்துவிட்டது. அந்த வருடம் இளவேனி பள்ளிக்கூடம் சேர்ந்தது அவருக்குத் தெரியவில்லை.

சௌமியாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓடிப்போய் மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு போனில் அவரைக் கேட்டார். “ஏனுங்க, இது சுழிக்குப் போச்சுன்னா கதவு தொறந்துக்கும். ஆனா நீங்க பூசை அன்னிக்கு இருந்த ஆளாத்தான் வருவீங்க. இவள உங்களுக்குத் தெரியாது. அமத்தீறட்டுங்களா?”

அணைத்தால் எண் அங்கேயே நிற்கலாம், மகளை நினைவில் வைத்துக்கொண்டு அவர் உள்ளேயே இருக்கலாம். எண் எழுபத்தொன்று ஆனது. கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு இளவேனி அவரைப் பார்த்தாள்.

“வேண்டாம் சௌமி, உடு,” என்றார் சந்திரசேகர். “எனக்குத் தெரியாட்டி என்ன? அவளுக்கு என்னையத் தெரியுமல்ல.”

சௌமியா கையை எடுத்தார். எடுத்த கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இளவேனி கதவடியில் படுத்து விரல்களைப் பிடித்துக்கொண்டாள். நாற்பதுவரை அந்த விரல்கள் திரும்பப் பிடித்தன. முப்பதில் அவர், யார் இந்தப் பாப்பா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மதியம் இரண்டு பத்துக்கு எண் சுழியானது, கதவு சாதாரணக் கதவாகத் திறந்தது.

மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு வெளியே வந்தவர், இத்தனை கூட்டம் ஏன் என்று பார்த்தார். பிறகு சௌமியாவின் வயிற்றைப் பார்த்தார். “சௌமி, வகுறு எங்க? கொழந்தைக்கு என்னாச்சு?” என்று கத்தினார்.

இளவேனி நடுவில் வந்து நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.

“நான் எப்பவோ வந்துட்டனுங்கப்பா. தூக்குங்க.”

சந்திரசேகர் குனிந்து தூக்கினார். அவர் கணக்கில் காலையில் வயிற்றில் இருந்த குழந்தை பதினான்கு கிலோ இருந்தாள். அவளை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, வெயிலில் வீட்டுக்கு நடந்தார்.