பீரோவின் கீழ்ப்பக்கம்

1

இந்தக் கதை ஒரு தண்ணீர் பாட்டிலால் வந்தது. நாங்கள் வீடு மாறிய அன்று சாமான் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். இரும்பு பீரோவை மூன்றாவது மாடியில் இறக்கியபோது மூத்தவர் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். இளையவன் சுவர்ப் பக்கம் திரும்பி, பாட்டில் தண்ணீரை நெற்றியிலும் கழுத்திலும் தெளித்துக்கொண்டான். பிறகு "அப்பாடா" என்று மூச்சு வாங்கினான். அவனுக்கு வியர்க்கவே இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

(முகம் கழுவியிருப்பான் என்கிறாள் என் மனைவி. அவள் பேச்சைக் கேட்டால் நான் கதை எழுதினாற்போலத்தான்.)

2

முதல் தொடக்கம்: "ஒற்றை விரலால் லாரியைத் தூக்கிய அந்த இளைஞன்..." வேண்டாம்.

இரண்டாவது: "உலகத்தைக் காப்பாற்றப் பிறந்தவன் அன்று காலை ஒரு சோபாவை..." இதுவும் தேறாது. இவன் உலகத்தைக் காப்பாற்றவில்லை. அக்கா புருஷனை மட்டும்தான் காப்பாற்றுகிறான்.

அந்த மூத்தவர்தான் அக்கா புருஷன். இவனுக்கு மாமா. மூன்று வருடத்துக்கு முன் இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு மாதம் படுத்துவிட்டார். அவர் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து படிக்கட்டில் கீழ்ப்பக்கத்தை இவன் யாருக்கும் விடுவதில்லை. மாடி ஏறும்போது பாரம் கீழே நிற்பவன் மேல்தான் இறங்கும். மேலே பிடிப்பவருக்கு வர வேண்டிய பங்கையும் இவனே வாங்கிக்கொண்டு, சந்தேகம் வராத அளவுக்கு ஒரு தலையணை கனத்தை மட்டும் அவருக்கு விட்டுவைப்பான். மாமாவுக்கு வியர்ப்பது படி ஏறியதற்கு.

3

மறைப்பதும் ஒரு வேலைதான். எந்தப் படியில் முனக வேண்டும், எங்கே "ஒரு நிமிஷம் மாமா" என்று கெஞ்ச வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை மாமா அவனைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் தைலம் தேய்ப்பார்.

"இந்த வயசுல இப்படி முனகுற. என்னைப் பாரு, கல்லு மாதிரி இருக்கேன்."

"உங்க உடம்பு எனக்கு வராது மாமா."

(இந்த இடத்தில் நான் சிரித்துக்கொண்டே எழுதினேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.)

4

ஏனென்றால் மாமா அதை நம்பிவிட்டார். வங்கிகளுக்கு இரும்புப் பெட்டகம் ஏற்றும் ஒரு கம்பெனியில், தன் உடம்பை நம்பி, திங்கட்கிழமை சேர்கிறார். அங்கே இவன் இருக்க மாட்டான். நிஜமான கனம் இருக்கும்.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறான். மாமா மூன்று வருடத்தையும் ஒவ்வொரு பீரோவாக நினைத்துப் பார்க்கிறார். அவர் முகம்... என்னால் எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா. எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

5

மூன்றாவதை எழுத உட்கார்ந்தேன். சனிக்கிழமை. இருவரும் சேர்ந்து செய்யும் கடைசி வேலை, ஒரு பிரிட்ஜ். இரண்டாவது மாடித் திருப்பத்தில், மாமா தானாகவே தெரிந்துகொள்ளட்டும் என்று, அவன் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாகக் கனத்தை அவர் பக்கம் விடுகிறான். மாமாவின் பிடி ஒரு விரல் அளவு வழுக்குகிறது. அவர் கண்ணில் ஒரு பயம்.

இனி புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"என்ன மாப்ள, கை ஓஞ்சுபோச்சா?"

அவன் பிடியை மாற்றிப் பிடிக்கிறான்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாம வந்தா இப்படித்தான். சரி, உன் பக்கத்தை விடு. நான் வாங்கிக்கிறேன்."

"மாமா..."

"விடுடா. நான் இருக்கேன்ல?"

கழுத்து நரம்பு புடைக்க, பாரத்தைத் தன் பக்கம் இழுக்கிறார். இந்த வசனத்தை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எழுதிவிட்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நான்கு நாளாக இங்கேயே நிற்கிறோம். அவன் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்.