தமாஷ் நோட்டு

அடுத்தவர் பிழையைப் பொறுக்கிச் சேர்ப்பதில் கிராமர் சாருக்கு அலாதி ருசி. மாலை நேர ஆங்கில வகுப்பை அவர் பாடத்தோடு ஆரம்பித்ததே இல்லை. திருத்தித் தரச் சொல்லி யாராவது கொண்டுவரும் கடிதத்தில் அகப்பட்ட தப்பு ஒன்றைப் பலகையில் எழுதுவார். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். அதற்கென்றே சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார்.

அன்றைக்கு நல்ல சரக்கு. 'ஐ வாட்ச்டு ஹிம் ஃபால்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினார்.

"கட்டில்லேருந்து ஒரு பெரியவர் விழுந்த கதை இது. 'ஸீ'ன்னா கண்ணுல பட்டுச்சு. லுக்குன்னா திரும்பிப் பார்த்தோம். வாட்ச்னா? நிதானமா நின்னு, கண்ணெடுக்காம பார்க்கறது! இந்த அம்மா கிரிக்கெட் பார்க்கற மாதிரி பார்த்திருக்காங்க. பிடிப்போம்னு தோணல பாருங்க!"

இருபது பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அதே கட்டடத்து மாடி வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றாள். முதியோர் இல்லத்தில் பணிப்பெண். கையில் ஒரு கடித உறை.

"சார், ஆபீஸ்லேருந்து பதில் வந்திருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

பெரியவர் விழுவதைத் தடுக்காமல் நின்று பார்த்ததாக நீங்களே எழுதி ஒப்புக்கொண்டதால் வேலையிலிருந்து நீக்குகிறோம், மறுப்பு இருந்தால் நாளைக்குள் தரவும் என்று இருந்தது.

சாருக்குக் காது மடல் சுட்டது. போன திங்கட்கிழமை, அகராதியைப் புரட்டிப் புரட்டி இல்லத்து ஆபீசுக்கு எழுதிய விளக்கக் கடிதத்தை அவள் சரிபார்க்கக் கொண்டுவந்தாள். அவருக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அந்த வரியைப் பார்த்ததும் நோட்டை உருவி எழுதிக்கொண்டார். கடிதத்தைத் திருத்தாமலே, "ம், குடுத்துடுங்க" என்று நீட்டிவிட்டார். மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். நோட்டில் எழுதிக்கொள்ள மட்டும் மறக்கவில்லையே, அது என்ன மறதி?

பதிலைத் தணிந்த குரலில் தமிழில் சொன்னார்.

"நான் பக்கத்துக் கட்டில்ல துணி மாத்திட்டு இருந்தேன் சார். ஓடி வர்றதுக்குள்ள விழுந்துட்டாரு. அதைத்தானே எழுதினேன்?"

அவள் பார்வை பலகைக்குப் போனது. எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இது என்னுது."

பலகையை அழிக்கக்கூட சாருக்குக் கை எழவில்லை.

"தப்புன்னு அன்னைக்கே தெரியுமா சார்?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. "தெரியும்மா," என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாத்தியாராக நின்ற இருபது வருஷத்தில் இப்படிக் கூனிக் குறுகி நின்றதில்லை.

அவள் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"நாளைக்குள்ள குடுக்கணும். எழுதிக் குடுங்க."

சார் உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை யோசித்தார். தவறு தன்னுடையது என்றும் கடைசியில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கு நானும் கூட வர்றேம்மா," என்றார்.

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். முதல் பெஞ்சில் இருந்த நர்ஸ் பெண்ணிடம் நேராகப் போய் அதை நீட்டினாள்.

"நீ ஒருதடவை படிச்சுப் பாரு கண்ணு, சரியா இருக்கான்னு."